லவ் பேர்ட்ஸ் குஞ்சுக்குக் கால் விரியுதா? முதல் 3 வாரம்தான் முக்கியம்... என்ன செய்யலாம்? எதைச் செய்யவே கூடாது?

பானைக்குள் இருக்கும் குஞ்சு எழுந்து நிற்காமல், இரண்டு கால்களையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு தவளை மாதிரி கிடக்கிறதா? ‘வளர வளர சரியாயிடும்’ என்று விட்டுவிட வேண்டாம். தானாக அது சரியாகாது. ஆனால், சீக்கிரம் கவனித்தால் ஒரு துண்டு டேப்பிலேயே சரியாகிவிட வாய்ப்பு அதிகம். விட்டுவிட்டால், கம்பியில் உட்காரவே முடியாத பறவையாக வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டியதுதான்.

ஈக்காட்டுத்தாங்கல், அசோக் நகர், சைதாப்பேட்டை பக்கம் மாடி வீட்டு பால்கனிகளில் கூண்டு வைத்து ‘லவ் பேர்ட்ஸ்’ வளர்ப்பவர்கள் பலர். நம்ம ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜி என்ற சின்னக் கிளிதான். இதற்குச் சொல்வது காக்டெய்ல், ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் குஞ்சுகளுக்கும் பொருந்தும்.

கால் ஏன் விரிகிறது?

பட்ஜி முட்டை சுமார் 18 நாளில் பொரியும். அப்போது குஞ்சின் எடை ஏறக்குறைய 2 கிராம். ஒரு மாதத்தில் 30 கிராமைத் தாண்டிவிடும். இவ்வளவு வேகமாக எடை ஏறும்போது எலும்பு இன்னும் மெதுவாகவே இருக்கும். பிடிமானம் இல்லாவிட்டால் கால் வழுக்கி, வழுக்கிய கோணத்திலேயே எலும்பு வளர்ந்துவிடும். முக்கியக் காரணங்கள்:

* உள்ளே எதுவும் விரிக்காத வழுவழுப்பான பானை அல்லது மரப்பெட்டி
* தாய்ப்பறவை குஞ்சின் மேல் அழுத்தி உட்காருவது. கூட ஒட்டிப் படுக்க வேறு குஞ்சு இல்லாமல் ஒற்றைக் குஞ்சாக இருந்தால் ஆபத்து அதிகம்
* கால்சியம், வைட்டமின் டி3 குறைபாடு. வெறும் தினை மட்டும் தின்னும் தாய்க்கு இது எளிதில் வரும்

எப்போது கண்டுபிடிக்கலாம்?

தினமும் ஒருமுறை பானைக்குள் பாருங்கள். பழகிய பறவைகள் பொதுவாக இதற்காகக் குஞ்சைக் கைவிடாது. ஆரோக்கியமான குஞ்சின் கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கும். ஒரு காலோ இரண்டுமோ வெளியே நீட்டியபடியே இருந்தால் அன்றைக்கே நடவடிக்கை தேவை. முதல் 2 வாரத்தில் பலன் நன்றாக இருக்கும். 3 வாரத்துக்கு மேல், இறகு முளைத்து எலும்பு இறுகத் தொடங்கியதும் வாய்ப்பு வேகமாகக் குறையும்.

எப்படிச் சரிசெய்கிறார்கள்?

கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் செய்வது இதுதான்: இரண்டு கால்களையும் இயல்பான இடைவெளியில் உடலுக்கு அடியில் கொண்டுவந்து, பாதத்துக்குச் சற்று மேலே மென்மையான பேப்பர் டேப்பால் எட்டு வடிவில் இணைப்பார்கள். டேப் இறுக்கமாக இருக்கக் கூடாது. விரல்கள் அசைய வேண்டும். குஞ்சு தினமும் வளர்வதால், ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை டேப்பை மாற்ற வேண்டும். 1 முதல் 2 வாரம் வரை இது தேவைப்படலாம். முதல்முறை மருத்துவரிடம் கட்டி, அவர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்வதே பாதுகாப்பு. விரல் வீங்கினாலோ, நீலம் பாய்ந்தாலோ உடனே கழற்றிவிடுங்கள்.

கூடவே பானைக்குள் பெயின்ட், பாலிஷ் படாத மரச்சீவலை ஓர் அங்குலம் போடுங்கள். பொடியான மரத்தூள் வேண்டாம், மூச்சுக்குழாயில் போகும்.

விரல் வீக்கம், வெள்ளைப் பொருக்கு

* ஒரு விரல் மட்டும் பலூன் மாதிரி வீங்கியிருந்தால், அதன் அடியில் நூலோ, முடியோ, காய்ந்த தோலோ வளையமாக இறுகியிருக்கலாம். தாமதித்தால் விரல் அழுகி விழுந்துவிடும். கூட்டில் பஞ்சு, பிசிறு வரும் துணி வைக்காதீர்கள்.
* காலில் போட்ட ரிங் இறுகினாலும் இதே கதைதான். கத்தரிக்கோலால் நீங்களே வெட்டப் போனால் கால் உடையும்.
* கால், அலகைச் சுற்றித் தேன்கூடு மாதிரி பொருக்கு வந்தால் அது பெரும்பாலும் உண்ணிப்பூச்சி. மருந்து உண்டு, ஆனால் எடைக்கு ஏற்ற சொட்டு அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் தடவும் ‘கை வைத்தியம்’ பறவைக்கு விஷம்.
* கால் தொங்கினால் எலும்பு முறிவாக இருக்கலாம். தீக்குச்சி வைத்துக் கட்டாதீர்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரையும் கூடாது.

வராமல் தடுக்க

ஜோடி சேர்க்கும் முன்பே கூண்டில் கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு, கட்டிவிடுங்கள். தினையோடு கழுவிய முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கேரட் துருவல் கொடுக்கலாம். காலை இளவெயில் நேரடியாகப் பட வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் டி3 உருவாகத் தேவையான புறஊதாக் கதிர் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். அதேநேரம், கூண்டில் பாதி நிழல் அவசியம். டி3 சொட்டு மருந்தை அளவு தெரியாமல் ஊற்றினால் சிறுநீரகம் பாதிக்கும்.

குஞ்சு வெளியே வந்த பிறகு, ஒரே தடிமனுள்ள பிளாஸ்டிக் கம்பிக்குப் பதில் கொய்யா, வேப்பங்கிளைகளை வெவ்வேறு தடிமனில் வையுங்கள். ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து பாதம் புண்ணாவதை இது தடுக்கும்.

எங்கே காட்டலாம்?

1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் உள்ளது. தனியார் கிளினிக் என்றால், ‘பறவை பார்ப்பீங்களா?’ என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். காற்றுத்துளை போட்ட சிறு அட்டைப்பெட்டியில் டிஷ்யூ பேப்பரைக் கிண்ணம் மாதிரி சுருட்டி, நடுவில் குஞ்சை வைத்து எடுத்துச் செல்லுங்கள். இறகு முளைக்காத குஞ்சு என்றால் ஏசி காற்று நேரடியாகப் படக் கூடாது.

பச்சைக்கிளி குஞ்சு என்றால்?

நம்ம ஊர் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கால் ஊனமான குஞ்சு கிடைத்தால் வளர்க்க முயலாமல் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

3 வாரம் கடந்துவிட்டதா? அப்போதும் மருத்துவரிடம் காட்டுங்கள். கால் முழுசாகத் திரும்பாவிட்டாலும், தாழ்வான அகலப் பலகை, மெத்தென்ற தரை, எட்டும் உயரத்தில் தீனி, தண்ணீர் வைத்தால் அந்தப் பறவையும் நன்றாகவே வாழும்.