குளவிக் கூட்டில் கண்ட உறவுக் கணக்கு

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது உதியன்குளங்கரை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இப்பால் வாழும் நாம், வீட்டு இறவாணத்தில் குளவிக் கூடு கண்டால், கொட்டிவிடுமோ என்றஞ்சித் தீப்பந்தத்தைத் தேடுகிறோம். பெங்களூரில் ஒரு மாணவர், அதே காட்சியைக் கண்டு குறிப்பேட்டைத் தேடினார்.

அவர்தாம் ராகவேந்திர கதக்கர். 1953-இல் கான்பூரில் பிறந்து, பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்று, இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிரியலில் 1979-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். ஓய்வு நேரத்தில் ‘ரோப்பலிடியா மார்ஜினேட்டா’ என்னும் குளவியைக் கவனித்து வந்தார். அந்த ஓய்வுநேர வேலையே பின்னர் வாழ்நாட் பணியாயிற்று.

கூட்டில் ஒரே ராணி முட்டையிட, ஏனைய பெண் குளவிகள் இரை தேடிப் புழுக்களுக்கு ஊட்டி, தமக்கென மக்களின்றி மடிகின்றன. இத்தியாகம் தலைமுறைதோறும் நிலைப்பது எங்ஙனம்? 1964-இல் ஆங்கிலேய அறிஞர் வில்லியம் ஹாமில்டன் ஒரு விடை கூறினார். ஒரு தாய்க்கும் ஒரு தந்தைக்கும் பிறந்த குளவிச் சகோதரிகளிடையே மரபணு உறவு முக்கால் பங்கு; தாய்க்கும் மகளுக்கும் அரைப் பங்கே. ஆகவே மகளை வளர்ப்பதினும் தங்கையை வளர்ப்பதே இலாபம்.

கதக்கரும் அவருடைய மாணவர்களும் இக்கணக்கைச் சோதித்தனர். குளவிகளின்மீது வண்ணப் புள்ளிகளிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிந்து கவனித்தனர். இக்குளவி ராணி பல ஆண்களோடு கூடுகிறது. ராணிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மாறுகின்றன. எனவே கூட்டில் உறவு முக்காற் பங்கினும் மிகக் குறைவு. உறவு மட்டும் விடையாகாது என்பது தெளிவாயிற்று.

வேறொரு காரணத்தையும் அவர் 1990-இல் எடுத்துரைத்தார். முட்டை குளவியாவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் செல்லும். உழைக்கும் குளவி கூட்டில் வாழ்வதோ சராசரி ஒரு மாதமளவே. தனித்துக் கூடு கட்டும் குளவி இடையில் இறந்தால் உழைப்பனைத்தும் பாழ். கூட்டத்தில் இறப்பதன் குறைவேலையைப் பிற குளவிகள் முடிக்கும்.

1993-இல் பட்நாகர் பரிசு கதக்கரைத் தேடி வந்தது. இக்குளவியைப் பற்றிய அவரது பெருநூல் 2001-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக வெளியீடாக வந்தது.

குளவியின் நியாயம் மனிதருக்கு நீதியாகாது. ஆயினும், அயல் மாநிலத்தில் உழைத்துத் தம்பியர் படிப்புக்கும் தங்கையர் மணத்துக்கும் பொருள் அனுப்பும் நம்மவர், இக்கணக்கை எளிதில் உணர்வர். நாம் தொடங்கியதை முடிக்க வேறு கைகள் உண்டு என்னும் உறுதி சிறிதன்று. அடுத்த முறை இறவாணத்தில் கூடு கண்டால், தீப்பந்தம் எடுக்குமுன் சற்றே நின்று நோக்குவோமாக.