மைக் செட் பெட்டியில் ஒரு வரிசை

கல்யாண வீட்டுக்கு வாழைமரம் வந்ததோ இல்லையோ, மைக் செட்காரர் வந்துவிடுவார். தென்னை மரத்தில் குழாய் ஒலிபெருக்கி ஏறும். முதல் பாட்டு பெரும்பாலும் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டுதான். பெண்ணை மேடைக்கு அழைக்கும் நேரம் 'பாசமலர்' (1961) படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய பாட்டு. ஆடி மாதக் கூழ் ஊற்றல் என்றால் அதே ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள்.

சடங்குதான் வரிசையைத் தீர்மானித்தது. வேகத்தை இசைத்தட்டு தீர்மானித்தது.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். அது முடிவதற்குள் அடுத்த தட்டை உறையிலிருந்து உருவி, தூசி துடைத்து, கையில் வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் பந்தல் முழுக்க முள் உரசும் சத்தம் கேட்கும்.

1963இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய கேசட் பின்னர் ஊர்தோறும் பரவியது. பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் ரெக்கார்டிங் கடையில் அதே வரிசையில் பதிந்து தருவார்கள். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோகாமல் கணக்குப் போடுவது கடைக்காரரின் சாமர்த்தியம்.

இன்று ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் நடக்கும் விழாவுக்கும் ஒரு பென் டிரைவ் போதும். பக்தி, கல்யாணம், குத்து என்று தனித்தனி ஃபோல்டர்கள். டிஜே மென்பொருள் ஒவ்வொரு பாட்டின் தாள வேகத்தையும் சுருதியையும் கணக்கிட்டுக் காட்டுகிறது; நிமிடத்துக்கு 120 துடிப்புள்ள பாட்டை 124க்கு உயர்த்தி அடுத்ததோடு இணைக்கலாம். பிள்ளையார் பாட்டு மட்டும் இன்னும் முதல் ஃபோல்டரிலேயே இருக்கிறது.