வாங்கியே தீரவேண்டும் என்றொரு சட்டம்



செம்பனை ஆலையின் கொதிகலனில் எதைப் போட்டு எரிக்கிறார்கள் என்று தோட்டத்துப் பிள்ளைகளைக் கேட்டால் உடனே பதில் வரும். பழத்தின் நாரும் கொட்டையின் ஓடும்தான். அதில் எழும் நீராவியே குலையை வேகவைக்கிறது. ஆலைக்கு வேண்டிய மின்சாரத்தையும் தருகிறது. இது நேற்று வந்த வித்தை அன்று. அப்படியிருக்க, ஆலையில் உண்டாகும் மின்சாரத்தை நாட்டின் மின்கம்பியில் சேர்ப்பதற்கு 2011ஆம் ஆண்டில் ஒரு சட்டமே ஏன் தேவைப்பட்டது? அதையொட்டி எழுந்த வாதங்களை இன்று பார்ப்போம்.

1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியபோது நம் மின்நிலையங்கள் பெரும்பாலும் எண்ணெயையே நம்பியிருந்தன. எனவே 1981இல் நான்கு எரிபொருள் கொள்கை வந்தது. எண்ணெய், நீர், எரிவாயு, நிலக்கரி என்பவை அந்த நான்கு. எரிவாயு நன்றாகவே கைகொடுத்தது. அதன் விலையையும் அரசாங்கம் குறைத்தே வைத்திருந்தது. அந்த மலிவுதான் பின்னால் வந்த சிக்கலுக்கு வித்து.

2001இல் எட்டாவது மலேசியத் திட்டம் ஐந்தாவது எரிபொருள் ஒன்றைச் சேர்த்தது. எடுக்க எடுக்கத் தீராத சக்தி அது: வெயில், சிற்றாறு, செம்பனைக் கழிவு போன்றவை. 2005க்குள் நாட்டின் மின்சாரத்தில் 5 விழுக்காடு இவற்றிலிருந்து வரவேண்டும் என்றார்கள். ஏறத்தாழ 500 மெகாவாட் எதிர்பார்த்தார்கள். 2005 முடிவில் மின்கம்பிக்கு வந்து சேர்ந்ததோ 12 மெகாவாட்! சபாவில் செம்பனைக் கழிவை எரித்த ஒரு நிலையமும், பூச்சோங்கில் குப்பைமேட்டு வாயுவை எரித்த மற்றொன்றும். அவ்வளவுதான்.

காரணம் என்ன? விற்பவரும் வாங்குபவரும் மனமொத்தால் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்பதே அன்றைய ஏற்பாடு. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தீபகற்பத்தில் வாங்குபவர் தெனாகா நேஷனல் ஒருவர்தான். மலிவான எரிவாயுவில் மின்சாரம் எடுப்பவருக்கு ஆலைக்காரரிடம் அவசரமாகப் பேரம் பேச என்ன தேவை? தொடக்கத்தில் யூனிட்டுக்குக் கிடைத்தது 17 காசு அளவே. ஆலையிலிருந்து மின்கம்பி இழுக்கும் செலவும் ஆலையின் தலையில் விழுந்தது. பழம் உதிர்ந்த வெறுங்குலையில் பாதிக்கு மேல் ஈரம். அதைப் பிழிந்து, நறுக்கி, பிறகே எரிக்க வேண்டும். கடன் கொடுக்க வங்கிகள் தயங்கின. 2010க்கு இலக்கை 350 மெகாவாட்டாகக் குறைத்துக்கொண்டும், அதில் கால் பங்கைக்கூட எட்டவில்லை.

ஆக, கேட்டுப் பார்த்துப் பத்தாண்டு கழிந்தது. ஜெர்மனி 1990இல் இயற்றிய சட்டத்தின் வழியைப் பின்பற்றி, 2011இல் நம் நாடும் கட்டளையிட்டது. விதித்த அளவுக்குள் வரும் மின்சாரத்தை வாங்கியே தீரவேண்டும். விலை முன்கூட்டியே சட்டத்தில் இருந்தது. செம்பனைக் கழிவுக்கு 16 ஆண்டும் சூரிய ஒளிக்கு 21 ஆண்டும் அந்த விலை நிலைக்கும் என்று அன்று விதித்தார்கள்.

கூடுதல் விலைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? மின்கட்டண பில்லிலிருந்துதான். 2011 டிசம்பரில் பில் தொகையில் 1 விழுக்காடு என்று தொடங்கி, 2014இல் 1.6 விழுக்காடாக்கினார்கள். 100 வெள்ளி பில்லுக்கு 1 வெள்ளி 60 காசு. மாதம் 300 யூனிட்டுக்குள் செலவழித்த வீடுகளுக்கு விலக்கு அளித்தார்கள். லயத்து வீட்டில் இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் ஒரு தொலைக்காட்சியுமாக வாழ்ந்த குடும்பத்தை இந்தச் சுமை தொடவில்லை. சட்டத்தின் நல்ல பகுதி இது என்றே நாம் கருதுகிறோம்.

எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தொடக்கத்தில் வீட்டுக்கூரையில் எடுக்கும் சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 1 வெள்ளி 23 காசு விலை வைத்தார்கள். அதே வேளையில் வீட்டுக்காரர் தம் முதல் 200 யூனிட்டுக்குக் கொடுத்தது 21.8 காசு. கூரையும் கைமுதலும் உள்ளவர் சம்பாதிக்க, வாடகை வீட்டில் இருப்பவர் ஏன் பணம் கட்டவேண்டும் என்று கேட்டார்கள். செம்பனைக் கழிவு வாயுவுக்கு அடிப்படை விலை 32 காசு அளவே என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே வெள்ளியில் எங்கே அதிக மின்சாரம் கிடைக்கும் என்பது நான்காம் வகுப்புக் கணக்கு. ஆனால் இன்னொன்றையும் சொல்லவேண்டும்: எரிவாயுவுக்குக் கொடுத்த சலுகை எந்த பில்லிலும் தனி வரியாக அச்சாகவில்லை, 1.6 விழுக்காடு அச்சானது. கண்ணில் பட்டதைத்தான் மக்கள் திட்டினார்கள்.

ஆலைக் கழிவுநீர்க் குட்டையின் வாடையைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. அந்தக் குட்டையிலிருந்து எழும் மீத்தேன் வாயு, கரிவாயுவைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்குவது. 2014இலிருந்து கட்டளை ஆலைகளையே நோக்கித் திரும்பியது: புதிதாகக் கட்டப்படும் ஆலைகளும் விரிவாக்கப்படும் ஆலைகளும் அந்த வாயுவைப் பிடித்தாக வேண்டும் என்று மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் விதித்தது. பிடிக்க வேண்டும் என்றுதான் விதி; மின்சாரமாக்கியே ஆகவேண்டும் என்றில்லை. ஆகவே மின்கம்பிக்கு வெகு தொலைவில் உள்ள ஆலைகளில், பிடித்த வாயுவைக் குழாய் முனையில் வீணே கொளுத்திவிடுவதும் உண்டு.