குருகூர்ச் சித்திரகவி

பொருநையின் தென்கரையில் உள்ள ஆழ்வார்திருநகரிக்குத் திருக்குருகூர் என்பது பழம்பெயர். 1986 வரை அவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. நம்மாழ்வார் தோன்றிய தலம் என்பது அதன் முதற்பெருமை. கவிராயர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஏடுகளைப் பேணிய ஊர் என்பது அடுத்த பெருமை. உ. வே. சாமிநாதையர் 1889-இல் வெளியிட்ட பத்துப்பாட்டிற்கு உதவிய ஏடு ஒன்று இங்கே கிடைத்தது. அதற்குச் சுமார் மூன்று நூற்றாண்டுகள் முன்னர், திருக்குருகைப்பெருமாள் கவிராயர் இவ்வூரில் மாறனலங்காரம் என்னும் அணிநூலை இயற்றினார். மாறன் என்பது நம்மாழ்வாரின் பெயர். தண்டியலங்காரம் 35 பொருளணிகளை வகுக்க, இந்நூல் 64 வகுத்தது. அண்டையிலுள்ள தென்திருப்பேரையைச் சேர்ந்த காரிரத்தின கவிராயர் அதற்கு உரை கண்டார்.

அந்நூலின் சொல்லணிப் பகுதியில் இடம்பெறும் சித்திரகவிகளைப் பிற்காலத் திறனாய்வாளர் பலர் சொல் விளையாட்டு என்று ஒதுக்கினர். அந்தத் தீர்ப்பு முற்றும் தவறன்று, முற்றும் சரியுமன்று. ஒவ்வொரு பாட்டிற்கும் அதற்கே உரிய பக்க அமைப்பை வகுக்க இயலுமா என்ற வினாவை இங்கே புலவர்கள் எழுப்பினர் என்பதை அத்தீர்ப்பு காணவில்லை. பாம்பு, தாமரை, சக்கரம் எனப் படம் மாறுகிறது. படம் மாறும்போது எழுத்துகளின் விதியும் மாறுகிறது.

கோமூத்திரியை எடுத்துக்கொள்ளலாம். எருது நடந்துகொண்டே நீர் விட்ட தடம்போல் வளைந்து செல்வதால் அப்பெயர். இரண்டு வரிகளை மேலும் கீழுமாக எழுதி, மேலொன்றும் கீழொன்றுமாக மாற்றிப் படித்தாலும் அதே வரிகள் கிடைக்க வேண்டும். அதற்கு ஓரெழுத்து விட்டு ஓரெழுத்து இருவரியிலும் ஒன்றாயிருப்பது கட்டாயம். நாகபந்தத்தில் இரு பாம்புகள் பிணைகின்றன. பிணையும் சந்தியில் நிற்கும் எழுத்து இரு வெண்பாக்களுக்கும் பொது.

சருப்பதோபத்திரம் இன்னும் கடுமையானது. எட்டெழுத்து வரிகள் நான்கை 64 அறைகளில் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் நிரப்பி, எத்திசையிலிருந்து படித்தாலும் அதே பாட்டு வருமாறு அமைக்க வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் அந்த 64 அறைகளில் புலவன் தன் விருப்பப்படி வைக்கக்கூடிய எழுத்துகள் பத்தே. எஞ்சிய 54 அறைகளும் தாமே நிரம்பிவிடும். பத்தெழுத்தில் பொருள் திணறுவது வியப்பன்று. இத்தகைய செய்யுள்கள் பல உரையின் துணையின்றி விளங்கமாட்டா. சொற்பிரிப்பு வலிந்து செய்யப்படுவதும் உண்டு. குருகூர்க் கவிராயருக்கும் இது பொருந்தும். எனினும் அவர் தம் எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் ஆழ்வாரையும் திருமாலையும் பாடுவனவாகவே அமைத்தார். தண்டியின் இலக்கணம் அவர் கையில் வழிபாடாயிற்று.

ஓலையோ இரண்டு மூன்று விரற்கிடை அகலமே உடையது. நீளமான வரிக்கு ஏற்றது, உயரமான படத்திற்கு ஏற்றதன்று. படியெடுப்பவன் படத்தை விட்டுவிட்டுச் செய்யுளை மட்டும் நேராக எழுதிச் சென்றால் பாட்டின் வடிவம் அழிந்திருக்க வேண்டாவா? அழியவில்லை. பொதுவெழுத்துகள் எங்கெங்கே திரும்ப வருகின்றன என்று பார்த்து, பந்தத்தின் பெயரையும் இலக்கணத்தையும் அறிந்தவர் படத்தை மீண்டும் வரைந்துகொள்ளலாம். அதுமட்டுமன்று: சந்தியெழுத்தில் பிழை நேர்ந்தால் ஒரு பாட்டுக்குப் பொருந்தி மற்றதற்குப் பொருந்தாமல் போகும். எனவே பிழை தானே தெரிந்துவிடும். சங்கநூற் சுவடிகளில் பாடம் தேடி அலைந்த பதிப்பாசிரியர்களுக்கு இவ்வசதி கிடைக்கவில்லை.

மேனாட்டில் பிரெஞ்சுக் கவிஞர் அப்போலினேர் 1918-இல் வெளியிட்ட தொகுப்பில் சொற்களை மழையாகவும் பிற உருவங்களாகவும் அமைத்தார். அங்கே படம் பாட்டின் பொருளைக் காட்டுகிறது. அச்சமைப்பைக் குலைத்து நேர்வரியில் எழுதினால் படம் போய்விடும். நாகபந்தத்தில் பாம்பு பாட்டுக்குப் பொருளாக வேண்டுவதில்லை. அது படிக்கும் வழி. புதுக்கவிதையில் வரியை எங்கே முறிப்பது என்று இன்று எண்ணிப் பார்ப்பவர்க்கு இவ்வேறுபாடு பயன்படும்.

அச்சு வந்தபின் இடர் வேறுவிதமாயிற்று. ஈய எழுத்துகள் நேர்வரியில் கோக்கப்படுவன. வளைந்த பாம்பின் உடலில் அவை ஏறா. படம் வேண்டுமானால் தனியே கட்டை செதுக்க வேண்டும். 1901-இல் தோன்றிய மதுரைத் தமிழ்ச்சங்கம் மாறனலங்காரத்தை உரையுடன் பதிப்பித்தது. நூலைக் கையில் எடுப்பவர் அருகே ஒரு வெள்ளைத்தாளும் எழுதுகோலும் வைத்துக்கொண்டு, கட்டம் போட்டு எழுத்துகளை ஒவ்வொன்றாக நிரப்பிப் பார்ப்பது நன்று.