கலைதல்

2011-இல் அஜித்குமார் தம் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். ஒரு அறிக்கை போதுமாயிருந்தது. 2021 ஜூலையில் ரஜினி மக்கள் மன்றத்தின் முறை. அது திரும்பவும் ரசிகர் நற்பணி மன்றமாயிற்று. கொடி கட்டியவனையும் சுவரொட்டி ஒட்டியவனையும் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவர் முன் நின்றபோதுதான் இதை யோசித்தேன். முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. பள்ளிப் புத்தகப் புண்ணியத்தில் குடவோலையையே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வாரியங்களுக்கு ஆயுள் 360 நாள். பிறகு 30 குடும்புகளிலும் புதிதாக ஓலை எழுதிக் குடத்திலிட வேண்டும். வாரியத்தில் இருந்தவன் மூன்றாண்டு ஒதுங்கியிருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவனுக்கு மட்டுமல்ல, அவன் நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. ஏரி வாரியம் 6 பேர். ஆண்டுதோறும் வீட்டுக்குப் போனார்கள், ஏரிக்கு வேறு 6 பேர் வந்தார்கள். (சபை நிலமும் வேதமும் உள்ள பிராமணர்களுடையது. ஜனநாயகம் என்று கூத்தாட வேண்டாம்.) ஆனாலும் ஓயும் நாளைக் குறித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள்.

மன்றத்தில் அப்படி விதி எழுதியவர் இல்லை. கலைத்த பிறகும் அஜித் படம் வெளியாகும் நாளில் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறார்கள், கணக்குக் கேட்க ஆளில்லாமல்.