சிங்கப்பூரின் காலைச் சாப்பாடு: ஒரு சிறு வரலாறு



இரண்டு மாதம் சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். லிஃப்டில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "அங்கே காலையில சாப்பாட்டுக்கு என்ன பண்ணினீங்க?" என்பதுதான். லிஃப்ட் ஆறாவது மாடிக்குப் போவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன். கட்டுரையின் கடைசியில் நம் குடியிருப்பு சம்பந்தமான ஒரு விஷயமும் இருக்கிறது. அதுவரை பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

மகன் இருப்பது வாடகைக்கு எடுத்த ஒரு வீவக வீட்டில். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளைச் சுருக்கமாக அங்கே வீவக என்கிறார்கள். அந்தக் கழகம் 1960-இல் தொடங்கியது. இன்று நாட்டில் பெரும்பாலான மக்கள் இத்தகைய வீடுகளில்தான் இருக்கிறார்கள். நம்மைப் போலவே லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, மேல்மாடிக்காரர் நாற்காலி இழுக்கும் சத்தம், எல்லாம் உண்டு. ஒரே வித்தியாசம், பல புளோக்குகளின் கீழேயோ பக்கத்திலேயோ ஒரு காப்பிக்கடை இருக்கிறது.

போன மறுநாள் காலை, இட்லிக்கு மாவு இருக்கிறதா என்று மருமகளிடம் கேட்டேன். "வாங்க மாமா, கீழே போய்ச் சாப்பிடலாம்" என்றாள். கடையில் எட்டு வயதுப் பேரன் எனக்கும் சேர்த்து ஆர்டர் கொடுத்தான். கரியடுப்பில் வாட்டிய மெல்லிய ரொட்டி, நடுவில் 'காயா' என்ற பச்சை நிற ஜாமும் ஒரு துண்டு வெண்ணெயும். பக்கத்தில் ஒரு தட்டில் அரைவேக்காட்டு முட்டை இரண்டு. அதன்மேல் சோயா சாஸும் வெள்ளை மிளகுத்தூளும் போட்டு, ரொட்டியை அதில் தோய்த்து அவன் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து எனக்கு வருத்தமாகிவிட்டது. "நம்ம சாப்பாடே இவனுக்கு மறந்துபோச்சா?" என்று மகனிடம் கேட்டேன். கொஞ்சம் காரமாகவே கேட்டுவிட்டேன். "இது இந்த ஊர்ச் சாப்பாடுப்பா" என்றான்.

எந்த ஊர்ச் சாப்பாடு என்று பார்த்துவிடுவோம் என்று பக்கத்து நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். முப்பது வருடம் கணக்குப் பார்த்தவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு?

வேலை போனதால் வந்த கடை

1819-இல் ஆங்கிலேயர் சிங்கப்பூரைத் துறைமுகமாக்கிய பிறகு, சீனாவிலிருந்து கூட்டங்கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்த ஹொக்கியன், தியோச்சூ, கான்டனீஸ் மக்கள் வியாபாரத்தையும் தொழில்களையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள் தாமதமாக வந்தவர்கள். அவர்களுக்கு மிஞ்சியது வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறை, ஹோட்டல், கப்பல். அங்கே சமையல்காரர்களாகவும் வேலைக்காரர்களாகவும் சேர்ந்து, ரொட்டி வாட்டவும் முட்டை அவிக்கவும் காப்பி போடவும் கற்றுக்கொண்டார்கள்.

சிலர் முன்பே சொந்தக் கடை போட்டிருந்தார்கள். 1919-லிருந்து நடக்கும் கில்லினி சாலைக் கடை அப்படிப்பட்டது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வெள்ளைக்காரர் வீட்டு வேலைகள் குறைந்தன. கடை வாடகையும் குறைந்தது. தெரிந்த ஒரே தொழிலைக் கொண்டு மேலும் பலர் கடை திறந்தார்கள். இன்று பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் யா குன் நிறுவனத்தைத் தொடங்கியவரும் 1926-இல் ஹைனானிலிருந்து வந்த ஒருவர்தான். அவர் 1944-இல் தெலோக் ஆயரில் ஒரு சிறு கடையாகத்தான் ஆரம்பித்தார்.

வெள்ளைக்காரர் சாப்பிட்ட பழ ஜாம் கடைக்குக் கட்டுப்படியாகாது. தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் ரம்பை இலையும் அந்த ஊரிலேயே கிடைத்தன. நிதானமான தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் காயா. மலாய் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'செழிப்பு' என்று பொருள். காப்பிக்கொட்டையும் உயர்ந்த ரகம் இல்லை, இந்தோனேசியாவின் ரொபஸ்டா. அதன் கசப்பை அடக்க வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து வறுத்தார்கள், துணிப்பையில் வடிகட்டினார்கள். பசும்பால் கிடைக்காததால் டின் பால். ஆக, பேரன் ரசித்துச் சாப்பிட்ட அந்தத் தட்டில் இருந்த ஒவ்வொன்றும் ஒரு தட்டுப்பாட்டை ஈடுகட்ட வந்தது.

ஒரு கோப்பையில் பல மொழி

'கோப்பித்தியாம்' என்பதே கலப்புச் சொல். 'கோப்பி' மலாய், 'தியாம்' ஹொக்கியன் மொழியில் கடை. பால் இல்லாத காப்பி 'கோப்பி-ஓ'. ஹொக்கியனில் 'ஓ' என்றால் கருப்பு. சர்க்கரையும் வேண்டாம் என்றால் 'கோசோங்' சேர்க்க வேண்டும். அது மலாயில் வெறுமை, பூஜ்யம். எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பதால் நான் முதலில் கற்றுக்கொண்ட சொல் அதுதான். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே சொற்களில் காப்பி கேட்கிறார்கள். கடைக்காரப் பாட்டி நான்காம் நாளிலிருந்து என்னைக் கேட்கவே இல்லை, 'கோப்பி-ஓ கோசோங்' தானாக மேஜைக்கு வந்தது.

நம்மவர்கள் கொண்டுபோனது

நம் பங்கும் சிறியதல்ல. சிங்கப்பூரில் ஆனந்த பவன் தொடங்கியது 1924-இல், சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் தொடங்கியது 1947-இல். இட்லியும் தோசையும் அந்த ஊரில் காயா ரொட்டியின் வயதுக்காரர்கள். கடையநல்லூர், தென்காசிப் பக்கமிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் பலர் அங்கேயே குடும்பத்தோடு வேரூன்றினார்கள். இந்திய முஸ்லிம் கடைகளில்தான் 'ரொட்டி பிராட்டா' பேர் பெற்றது. நமக்குப் புரோட்டா என்றால் சாயங்காலத்துக்கு மேல்தான். அங்கே காலை ஏழு மணிக்கு மீன் குழம்போடும், சிலர் சர்க்கரை தொட்டும் சாப்பிடுகிறார்கள். வேலைக்கு ஓடுகிறவனுக்கு மதியம் வரை தாங்கும். டீயை உயரத் தூக்கி ஆற்றினால் அதற்கு 'தே தாரிக்', இழுத்த டீ. மலாய்க்காரர்களின் தேங்காய்ப்பால் சோறான 'நாசி லெமாக்' பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். அதில் வறுத்த நெத்திலி, வேர்க்கடலை, வெள்ளரிக்காய், காரமான சம்பல் எல்லாம் சேர்ந்திருக்கும்.

இவர்களில் பலர் ஒரு காலத்தில் தெருவோரத்தில் விற்றவர்கள். 1968, 1969-இல் அரசு தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்துப் பதிவு செய்தது. 1971 முதல் 1986 வரை உணவங்காடி நிலையங்கள் கட்டி, தண்ணீர், மின்சாரம், சாக்கடை வசதியோடு அவர்களுக்குக் குறைந்த வாடகையில் கடை கொடுத்தது. சுத்தம் இல்லை என்று விரட்டியிருந்தால் இந்தச் சாப்பாடே இன்று இருந்திருக்காது. 2020-இல் யுனெஸ்கோ இந்த உணவங்காடிப் பண்பாட்டை மரபுப் பட்டியலில் சேர்த்தது.

விடியுமுன் வரும் பொட்டலம்

இத்தோடு கட்டுரையை முடித்திருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா நிலையத்தில் தோசை சாப்பிடப் போனபோது எதிரில் ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். புதுக்கோட்டைப் பக்கம், கட்டட வேலை, வந்து ஆறு வருடம். மூன்று தோசையை அரை மணி நேரம் சாப்பிட்டார். ஏன் இவ்வளவு நிதானம் என்று சும்மா கேட்டேன்.

"வாரத்துல இன்னிக்கு ஒரு நாள்தாங்க ஐயா காலையில சூடா சாப்பிடுறேன்" என்றார். மற்ற நாட்களில் ஒப்பந்தச் சாப்பாடு. விடியுமுன் விடுதி வாசலுக்குப் பொட்டலமாக வந்துவிடும், காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்து. லாரியில் போகும்போதே காலைப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவார்கள். மதியப் பொட்டலம் வேலையிடத்தில் வெயிலில் கிடக்கும். சில நாள் பிரித்தால் வாடை வரும், தயிர்ச்சோறு மாதிரி நினைத்துக்கொண்டு சாப்பிடுவார்களாம். "விடுதியில சமையல்கட்டு இருக்குங்க. ராத்திரி வந்து வரிசையில நின்னு சமைச்சா தூக்கம் போயிரும்."

என் மகனும் இவரும் ஒரே ஊருக்குப் பிழைக்கப் போனவர்கள். ஒருவருக்குக் காப்பிக்கடை, ஒருவருக்குப் பொட்டலம். பேரனுக்கு நம் சாப்பாடு மறந்துவிட்டது என்று நான் பட்ட வருத்தம் அன்றைக்கே போய்விட்டது. ஆனால் வேறொரு வருத்தம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

இனி நம் வாசல்

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில், செக்யூரிட்டிகள் மோட்டார் ரூமில் அடுப்பு வைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். ரீடிங் ரூமுக்குப் பக்கத்தில் கேஸ் சிலிண்டர் இருப்பது ஆபத்து என்று பேசியதும் நான்தான். அது இன்றும் சரி. ஆனால் அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று நாம் யாரும் பேசவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் காலை ஆறு மணிக்குக் கீழே போனேன். இரவுப் பணி முடித்த ஒடிசாக்காரத் தம்பி டீயில் பிஸ்கட் தோய்த்துக்கொண்டிருந்தார். ஊரில் காலையில் என்ன சாப்பிடுவாய் என்று கேட்டேன். 'பக்காளா' என்றார். ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் வெங்காயத்தோடு சாப்பிடுவது. நம் பழைய சோறேதான். பழைய சோறு வேண்டுமானால் ராத்திரி சோறு வடிக்க வேண்டும். அதற்கு அடுப்பு வேண்டும். அடுப்பை எடுத்தவர்கள் நாம்.

என் யோசனை இதுதான். பி பிளாக் படிக்கட்டுக்குப் பின்னால் பழைய பெயின்ட் டப்பாக்கள் கிடக்கும் அறையைக் காலி செய்வோம். சிலிண்டர் வேண்டாம். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, அதற்குத் தனி லைன், ஒரு காற்றுப்போக்கி, ஒரு தீயணைப்பான், கழுவ ஒரு குழாய். எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக் கணக்குப் போட்டதில் 12,600 ரூபாய்க்குள் முடியும். 84 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 150 ரூபாய், ஒரே முறை. மாதக் கரண்டுச் செலவை முதல் ஆண்டுக்கு நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரச் செயலாளரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன். ஆட்சேபணை உள்ளவர்களும் அவசியம் வாருங்கள். சென்ற முறை நம்மில் 19 பேர்தான் வந்திருந்தோம். தீர்மானம் ஐந்து நிமிடத்தில் நிறைவேறிவிட்டது.

அன்புடன்,
ஏ பிளாக், ஆறாவது மாடியிலிருந்து