கொங்கு நாட்டில் தொற்றுநோய்ப் பரவல்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களையும் அவற்றை ஒட்டிய பகுதிகளையும் சேர்த்துக் கொங்கு நாடு என்பார்கள். கடந்த நூறு, நூற்றிருபது ஆண்டுகளில் இங்கே பெரிதாகப் பரவிய தொற்றுநோய்களில் பல வெளியிலிருந்து வந்தவை. ஆனால் வந்த நோய் எந்தத் தெருவில் தங்கியது, யாரைப் பிடித்தது, எந்த மாதத்தில் ஓங்கியது என்பதையெல்லாம் உள்ளூர்க் காரணங்களே தீர்மானித்தன. மழை மறைவுப் பகுதியின் வறட்சி, பஞ்சும் தானியமும் அடுக்கிய கிடங்குகள், தொட்டியில் பிடித்துவைக்கும் குடிநீர், நாடெங்கும் ஓடும் லாரிகள் எனப் பிழைப்புக்கு எவை ஆதாரமோ, அவையே நோய்க்கும் வழிவிட்டிருக்கின்றன.

கோவைக்காரர்கள் வெளியூர் உறவினரிடம் மெச்சிக்கொள்ளும் விஷயங்கள் இரண்டு: காற்று, சிறுவாணித் தண்ணீர். நோய்களின் வரலாற்றில் இரண்டுக்குமே பங்கு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டருகே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மழையின் பெரும்பகுதியைக் கேரளத்தில் கொட்டிவிட்டு, குளிர்ச்சியை மட்டும் அந்தக் கணவாய் வழியே கோவைக்குக் கொண்டுவருகிறது. ஊர் கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆண்டு மழையோ சராசரியாக 700 மில்லிமீட்டர் அளவில்தான். இதமான வெயில், போதாத தண்ணீர். முன்னது பிளேக் நோய்க்குத் தோதாக அமைந்தது; பின்னது டெங்குவுக்கு.

பிளேக் 1896இல் பம்பாயில் பரவத் தொடங்கியது. இரு ஆண்டுகளில் மைசூர், பெங்களூர் வரை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையைத் தொட்ட நோய், அதன்பின் பல பத்தாண்டுகள் விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. போத்தனூருக்கு 1862லேயே ரயில் வந்துவிட்டது. மைசூர்ச் சீமையிலிருந்து திம்பம் மலைப்பாதை இறங்கும் வண்டிகளும் இருந்தன. மூட்டை போன இடமெல்லாம் எலியும் போனது, எலியின் மேல் ஒட்டியிருந்த தெள்ளுப்பூச்சியும் போனது.

மக்கள்தொகைக் கணக்கே அந்தக் காலத்தின் நிலையைக் காட்டும். 1901இல் கோயம்புத்தூர் நகரில் 53,080 பேர் இருந்தார்கள். 1911இல் அது சுமார் 47,000 ஆகக் குறைந்தது. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888இல் தொடங்கிய நூற்பாலை ஓடிக்கொண்டிருந்த, பஞ்சு வியாபாரம் பெருகிவந்த ஊர் அது. ஆள் கூடியிருக்க வேண்டும். செத்தவர்கள் ஒருபுறம், பயந்து ஊரைக் காலி செய்தவர்கள் மறுபுறம் என இரண்டும் சேர்ந்தே அந்தக் கணக்கைக் குறைத்தன.

கோவையும் சேலமும் இப்படி அடிவாங்கியபோது, துறைமுகமும் நெரிசலும் கொண்ட சென்னை நகரம் பெரிய சேதமில்லாமல் தப்பியது வியப்பான செய்தி. இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் கொழும்பு மாநகராட்சியின் நுண்ணுயிரியலாளர் ஃபேபியன் ஹெர்ஸ்ட். 1914இல் கொழும்புக்குப் பிளேக் வந்தபோது அது நகரம் முழுவதும் சீராகப் பரவவில்லை; இந்தியாவிலிருந்து அரிசி வந்திறங்கும் கிடங்குப் பகுதியையே சுற்றிச் சுற்றி வந்தது. எலிகளின் மேலிருந்த தெள்ளுப்பூச்சிகளைப் பிடித்து இனம் பிரித்துப் பார்த்தார் ஹெர்ஸ்ட். செனோப்சில்லா கியோபிஸ் என்ற இனம் நோயைக் கடத்துவதில் கெட்டிக்காரப் பூச்சி. செனோப்சில்லா ஆஸ்டியா என்ற மற்றோர் இனம் அந்த வேலைக்கு அவ்வளவாக லாயக்கில்லை. சென்னை எலிகளின் மேல் பெரும்பாலும் இருந்தது ஆஸ்டியா.

வெப்பமும் சேர்ந்துகொண்டது. பிளேக் கிருமி கியோபிஸ் பூச்சியின் குடல் முகப்பில் பெருகி அடைத்துக்கொள்ளும். குடித்த ரத்தம் உள்ளே இறங்காமல், பசியில் மறுபடி மறுபடி கடிக்கும் பூச்சி, கடித்த புண்ணிலேயே கிருமியைக் கக்கிவிடும். வெப்பம் 28 டிகிரிக்கு மேல் போனால் இந்த அடைப்பு ஏற்படுவது குறைகிறது. சென்னையின் வேக்காடு அந்த நகரத்தைக் காத்தது. கோவையின் குளிர்காற்று கோவையைக் கைவிட்டது என்று சொன்னால் அதில் மிகை குறைவு.

மீதியை வீடுகள் செய்தன. மண் சுவர், நாட்டு ஓடு, ஓட்டுக்கும் உத்திரத்துக்கும் நடுவே எலி குடும்பம் நடத்தப் போதுமான சந்து. சோளமும் கம்பும் வீட்டுக்குள்ளேயே குதிரில் இருக்கும். வியாபாரத் தெருக்களில் முன்பக்கம் கடை, பின்பக்கம் கிடங்கு, நடுவில் குடித்தனம். எலி உயிரோடு இருக்கும்வரை தெள்ளு அதை விட்டு வராது. எலி செத்து உடல் சில்லிட்டதும் வேறு சூடான உடம்பைத் தேடிக் குதிக்கும். விட்டத்திலிருந்து எலி செத்து விழுந்தால் அடுத்தது மனிதர் முறை என்பதை ஆய்வாளர்கள் நிரூபிப்பதற்கு முன்பே ஊரார் கண்டுகொண்டிருந்தார்கள். எலி விழுந்த வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே கீற்றுக் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். உயிரைக் காத்த முதல் உத்தி இதுதான். ஆனால் கொட்டகைக்குப் போகும்போது தானிய மூட்டையையும் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. எலியில்லாமலும் சில வாரம் தாங்கும் தெள்ளு அதில் பயணம் செய்தது.

அரசாங்கத்தின் உத்தி வேறு. வீடு புகுந்து சோதனை, நோயாளியைப் பிரித்துக் கொண்டுபோதல், வால்டெமார் ஹாஃப்கின் 1897இல் பம்பாயில் உருவாக்கிய தடுப்பூசி. மிரட்டலாகச் செய்த இடங்களில் அது எதிர்விளைவையே தந்தது. பூனாவில் அதே ஆண்டு பிளேக் அதிகாரி ராண்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். அதிகாரிக்குப் பயந்து காய்ச்சல்காரரைப் பரணிலும் பக்கத்து ஊரிலும் ஒளித்துவைத்ததால் நோய் இன்னும் வேகமாகப் பரவியது. சோதனைக்கு வருபவர் மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் நோய் மறைந்து பரவும் என்பது அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை.

கோவையின் பல பகுதிகளில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் உள்ளன. அம்மை நோய்க்குத் தெய்வமாக இருந்த மாரியம்மன், புதிய கொள்ளைநோயையும் பொறுப்பேற்றுக்கொண்டாள். 2021 மே மாதம் கோவையை அடுத்த இருகூரில் காமாட்சிபுரி ஆதீனம் கொரோனா தேவி சிலையை வைத்தபோது நாடே வேடிக்கை பார்த்தது. கோவைக்கு அது பழக்கப்பட்ட வழி.

பிளேக் ஊரின் வரைபடத்தையும் மாற்றியது. பெரிய கடைவீதியைச் சுற்றிய நெரிசலான பழைய ஊருக்கு மேற்கே, அகலமான நேர்த்தெருக்களோடும் வீடுகளுக்கு இடையே காற்றோட்டத்தோடும் ஆர்.எஸ்.புரம் எழுந்தது. நகராட்சித் தலைவர் சி.எஸ்.ரத்தினசபாபதி முதலியாரின் பெயர் தாங்கிய பகுதி அது. பெங்களூரில் பிளேக்குக்குப் பின் பசவனகுடியும் மல்லேஸ்வரமும் உருவான கதையோடு ஒப்பிடத்தக்கது. பத்திரிகையாளர் சே.ப.நரசிம்மலு நாயுடு 1880களிலேயே வலியுறுத்திய சிறுவாணித் திட்டமும் முதலியார் காலத்தில், 1920களின் இறுதியில், நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. 1940களுக்குப் பின் டி.டி.டி. பூச்சிமருந்தும் ஸ்ட்ரெப்டோமைசினும் பிளேக்கை ஒடுக்கின.

குழாய்த் தண்ணீர் வந்தது, தினமும் வரவில்லை. டெங்குவின் கதை இங்கிருந்து தொடங்குகிறது.

கொங்குப் பகுதியின் பல வீடுகளில் தண்ணீர் இரண்டு வகை. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது உப்புத் தண்ணி. துணி துவைக்க, பாத்திரம் கழுவ. ஆற்றிலிருந்து குழாயில் வருவது நல்ல தண்ணி, குடிக்க, சமைக்க. நல்ல தண்ணி சில இடங்களில் நாலு நாளுக்கு ஒருமுறை, புறநகர்களிலும் கிராமங்களிலும் வாரம் ஒருமுறை, கோடையில் அதற்கும் மேல் தள்ளிப்போகும். எனவே சிமெண்ட் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், அண்டா, குடம் என்று கிடைத்ததிலெல்லாம் பிடித்துவைக்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் எஜிப்தி கொசு முட்டையிலிருந்து வெளிவந்து சிறகு முளைத்துப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீர் வரும் முறையும் கொசு வளரும் காலமும் ஒன்றாகவே பொருந்திப்போயின. டெங்கு மழைக்கால நோய் என்றுதான் பொதுவாகச் சொல்வது. வறட்சியிலும் அது வருவதற்கு இந்தத் தொட்டிகள்தான் காரணம்.

இந்தக் கொசு சாக்கடையைச் சீந்தாது. தெளிந்த தண்ணீரின் விளிம்புக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டையை ஒட்டவைக்கும். தொட்டியைக் கொட்டிக் கவிழ்த்தாலும் முட்டை போகாது. காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு காத்திருந்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவச் சொல்வது அதனால்தான். கொசுப்புழு தேடி வீடு வீடாக வரும் டி.பி.சி. பணியாளர்கள் டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். நீர்ப்பரப்பில் தலைகீழாகத் தொங்கும் புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கும். உடனே புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்ற வேண்டும். இங்கேதான் தகராறு. ஒரு வாரம் காத்துப் பிடித்த நல்ல தண்ணியில் மருந்தா என்று வீட்டுக்காரம்மா மறிப்பார். ஊற்றிவிட்டுப் போனால் மொண்டு வெளியே கொட்டிவிடுபவர்களும் உண்டு. அவர்களை அறியாதவர்கள் என்று ஏசுவது எளிது. தண்ணீர் எப்போது வரும் என்று உறுதியில்லாத வீட்டில் அந்தக் கோபம் நியாயமானதும்கூட.

தொட்டிக்கு வெளியேயும் இடமுண்டு: புழங்காத ஆட்டுக்கல்லின் குழி, ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, தென்னந்தோப்பில் கிடக்கும் சிரட்டை, தகரக் கூரை பறக்காமலிருக்க மேலே போட்ட பழைய டயர். லாரித் தொழில் செழித்த பகுதியில் பழைய டயருக்குப் பஞ்சமில்லை. உலக அளவிலும் டயர் இந்தக் கொசு இனத்துக்கு இலவசக் கப்பல். இதன் நெருங்கிய உறவான ஈடிஸ் அல்போபிக்டஸ் கொசு 1980களில் அமெரிக்காவின் டெக்சாஸுக்குள் காலூன்றியது இறக்குமதியான பழைய டயர்களின் வழியே.

தமிழ்நாட்டில் 2012இல் 12,826 பேருக்கும் 2017இல் 23,294 பேருக்கும் டெங்கு உறுதியானது. அந்த ஆண்டுகளின் உயிரிழப்பு முறையே 66, 65. நோயாளிகள் ஏறக்குறைய இரு மடங்கானபோதும் இறப்பு கூடாததற்கு, நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்ததும் திரவச் சிகிச்சை முறைப்பட்டதும் முக்கியக் காரணங்கள். 2017இல் புழு கண்ட வீட்டுக்காரர்களுக்கு உள்ளாட்சி அமைப்புகள் அபராதம் போட்டன, தெருமுனைகளில் நிலவேம்புக் கசாயம் கொடுத்தார்கள். கசாயம் குடித்தவர் வீட்டிலும் டிரம் திறந்தே கிடந்தது என்பது வேறு விஷயம். ஈடிஸ் கொசு பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும், பகலில் கடிக்கும். ஒரு தெருவிலிருந்து இன்னொரு ஊருக்கு வைரஸைக் கொண்டுபோவது பஸ்ஸில் ஏறும் மனிதர்தான்.

மனிதரின் பயணமே முழுக்கதையாக அமைந்தது எச்.ஐ.வி.யில். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரம் லாரிகளுக்கும் போர்வெல் வண்டிகளுக்கும் பேர்போனது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வடமாநிலங்களில் இருக்கும் டிரைவர்களும் கிளீனர்களும் இருந்த இந்தப் பகுதியில், 2000களில் நாமக்கல் மாவட்டம் நாட்டின் அதிகப் பரவல் கொண்ட மாவட்டங்களின் பட்டியலில் இருந்தது. தொற்றுக்கு ஆளானவர்களில் மாவட்ட எல்லையைத் தாண்டாத மனைவிமார் பலர். லாரி நிற்கும் இடங்களிலேயே ஆணுறையும் பரிசோதனையும் கொண்டுசென்ற பிறகு நிலைமை மாறியது.

கொரோனாவில் 2021 மே இறுதியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையை முந்தியது. ஷிப்டு முறையில் ஓடும் ஆலைகள், ஒரே அறையில் பலர் தங்கும் தொழிலாளர் விடுதிகள், நிறுவன பஸ்கள் என்று கூட்டமாக உள்ளிருந்து வேலை செய்யும் வாழ்க்கை கோவையுடையது. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை கொரோனா மருத்துவமனையாக இயங்கிய காலம் அது; முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கவச உடை அணிந்து அதன் வார்டுக்குள் சென்றது அந்த மே 30 அன்று.

பாலக்காட்டுக் கணவாயில் காற்று மட்டும் வருவதில்லை. 2018இல் கோழிக்கோட்டில் பழந்தின்னி வௌவாலோடு தொடர்புடைய நிபா வைரஸ் பரவியதிலிருந்து, கேரளத்தில் அந்தப் பெயர் அடிபடும் போதெல்லாம் எல்லையிலுள்ள வாளையார் சோதனைச் சாவடியில் காய்ச்சல் பார்க்கும் முகாம் முளைத்துவிடுகிறது. பறவைக் காய்ச்சல் வந்தால் அதே சாவடிகளில் கால்நடைத் துறையினர் நிற்பார்கள். பல்லடம், உடுமலைப் பண்ணைகளின் கறிக்கோழியும் நாமக்கல் முட்டையும் கேரளத்துக்குப் போகின்றன. ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகளுக்கு நோய் கண்டால் அங்கிருந்து கோழி, வாத்து, தீவனம் எதுவும் இந்தப் பக்கம் வரத் தடை விழும். கோழி ஏற்றிப்போன வண்டிகள் காலிக் கூண்டுகளோடு திரும்பித்தான் ஆகவேண்டும். மருந்து தெளிப்பது அந்தக் கூண்டுகளுக்கும் டயர்களுக்கும்தான். எச்சமும் இறகும் ஒட்டிய ஒரு கூண்டு பண்ணைக்குள் நுழைந்தால் ஆயிரக்கணக்கான கோழிகளை அழிக்க வேண்டிவரும் என்பது பண்ணைக்காரர்களுக்கே நன்றாகத் தெரியும்.